எறும்பின் இரண்டு முதலாம் ஆண்டுகள்

எங்கள் பகுதி மருந்துக் கடைகளில் மாத்திரையைப் போட்டுத் தரும் சின்னக் காகித உறையில் மூன்று படங்கள் இருக்கும். காலைக்குப் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்கு ஒரு பிறை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் எந்த வேளைக்கு எத்தனை என்று தெரிந்துகொள்வார். அந்த மூன்றையும் வரைந்தவள் என் தங்கை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பிறையை மட்டும் எழுபத்தோரு தடவை வரைந்தாளாம். எழுபது தடவையும் வெட்டிப் போட்ட நகம் மாதிரியே இருந்தது என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அலுவலகம், மேசை, பெரிய திரை எல்லாம் உண்டு. நான் எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. அவள் டிசைன் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்ததைப் பற்றி. மற்றவர்கள் ஒரு தடவை படிப்பதை அவள் இரண்டு தடவை படித்தாள். அதற்குக் காரணம் நான்.

வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அப்பா வைத்தது. நாலு வயதில், தன் கைக்கு அடங்காத காகிதம் எதைக் கண்டாலும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். காலண்டர் தாள், புதுச் சட்டைக்குள் வரும் அட்டை, செருப்புப் பெட்டி மூடி, எதுவானாலும் சரி. கல்லூரியில் சேர்ந்த பிறகு, தன் பாதி உயரத்துக்கு இருந்த ஒரு கறுப்பு அட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவாள். மேலிருந்து பார்த்தால் பை மட்டும் தானாக நடந்து போகிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அப்பா நகரப் பேருந்து ஓட்டினார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. நான் பத்தாவது முடித்ததும் தெரு முனையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் முதலாளி ஃபிரேம் காட்டுவார். பின்பக்க அறையில் நான் லென்ஸ் வெட்டுவேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லென்ஸின் நடு எங்கே என்று கருவியில் வைத்துப் பார்த்து, மையால் மூன்று புள்ளி வைப்போம். நடுப்புள்ளி, போடுகிறவரின் கண்மணிக்கு நேராக வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால், மனிதர் மாலைக்குள் தலைவலி என்று வந்து நிற்பார். வெட்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்து, ஃபிரேமில் மாட்டி, எல்லாம் சரி என்றானதும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் புள்ளிகளைத் துடைத்துவிட வேண்டும். வேலை செய்த அடையாளம் எதுவும் லென்ஸில் இருக்கக் கூடாது. ஒரு புள்ளி தங்கிவிட்டாலும் முதலாளி, "என்னம்மா, மச்சத்தோட அனுப்புற?" என்பார். அந்தப் பேச்சை நான் இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறேன். இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்.

எறும்பு கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு அந்த வேலையில் ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவள் கல்லூரியில் முதலாம் ஆண்டு எல்லோருக்கும் பொது. ஆண்டு முடிவில் மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிப்பார்கள். தொண்ணூறு பேரில் முதல் இருபத்தைந்து பேருக்குத்தான் கிராஃபிக் டிசைன். மற்றவர்கள் மரச்சாமான், துணி, உள்ளலங்காரம் என்று போக வேண்டும். கிராஃபிக் டிசைனுக்கு இரண்டாம் ஆண்டு முதல் வகுப்பு வேறு ஊரில், கல்லூரியின் இன்னொரு வளாகத்தில். எறும்புக்கு அது ஒன்றுதான் வேண்டும். "நாற்காலில உக்காரத்தான் எனக்குத் தெரியும், செய்யத் தெரியாது" என்பாள். பன்னிரண்டு வயதிலேயே பிஸ்கட் உறை, தீப்பெட்டிப் படம், சோப்பு அட்டை எல்லாவற்றையும் நீவி மெத்தைக்கு அடியில் அடுக்கியவள். தெருவில் நடக்கும்போது கடைப் பெயர்ப் பலகைகளைத் திட்டிக்கொண்டே வருவாள். "அக்கா, அந்த எழுத்தைப் பாரு. க்யூல நின்னு தூங்குற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிருக்கு." அதற்குப் பிறகு அந்தப் பலகையை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடிந்ததில்லை.

முதல் பயிற்சி பத்துச் சாம்பல் நிறம். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை, ஒரே அளவாக இறங்கும் பத்துக் கட்டங்கள். கேட்டால் சின்ன விஷயம். மூன்று நாள் சாயம் குழைத்தாள்.

"அக்கா, இதைப் பாரேன். பத்தும் படிப்படியா இறங்குதா?"

"ஏழும் எட்டும் ஒண்ணுதான்."

"இல்லவே இல்ல. எட்டுல ரெண்டு சொட்டு கறுப்பு கூட விட்டிருக்கேன்."

"நீ விட்டிருப்ப. அது போய்ச் சேரல."

தாளை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வந்து, "உனக்கு இருக்கறது கண்ணா, மீட்டரா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஈரத் தாள்களை உலர்த்த வீட்டில் இடம் கிடையாது. துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுவாள். அப்பா வேலை முடிந்து வந்து குனிந்து குனிந்து அறையைக் கடப்பார். ஒரு நாள் குனிந்தது போதவில்லை. வழுக்கைத் தலையில் உள்ளங்கை அளவுக்கு நீலம். அம்மா சோப்பு, எண்ணெய், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"ஆஸ்பத்திரில ரத்தக் கறையே எடுத்திருக்கேன். இவ நீலம் போக மாட்டேங்குது."

"விடு. முடிதான் இல்ல, ஒரு வானமாவது இருக்கட்டும்" என்றார் அப்பா.

பயிற்சிகள் ஒரு பக்கம் இருக்க, வரைபுத்தகம் என்று ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு படமாவது நேரில் பார்த்து, பென்சிலில் வரைய வேண்டும். ஆண்டு முடிவில் முந்நூறு பக்கம். என்ன வரைவது என்று கல்லூரி சொல்லாது. அது அவரவர் பாடு. ஆனால் மொத்த மதிப்பெண்ணில் கிட்டத்தட்டப் பாதி அதற்குத்தான். எங்கள் வீட்டில் கணினி இல்லாததால் கணினிப் பாடத்தில் எறும்பு எப்போதும் பின்னால்தான் இருந்தாள். இந்தப் புத்தகம்தான் அவளைத் தூக்கிவிட வேண்டும்.

அவள் அப்பாவின் பேருந்தை எடுத்துக்கொண்டாள். கல்லூரி விட்டதும் அந்தத் தடத்திலேயே ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, பயணிகளை வரைவாள். அப்பா கண்ணாடியில் பார்த்துச் சேதி சொல்வார். "எறும்பு, மீசைக்காரர் அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவாரு. காதை முடிச்சியா?" விடுமுறை நாட்களில் நானும் போவேன். ஒரு தடவை முன் இருக்கை அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னையா வரையிற?"

"ஆமாம்மா."

"எனக்கு எதுக்கு ரெண்டு தாடை போட்டிருக்க?"

"பஸ் பள்ளத்துல இறங்கிடுச்சும்மா."

"அப்போ பெருசை எடுத்துட்டுச் சின்னதை வச்சுக்கோ."

அந்தப் புத்தகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. குடைக்காரருக்கு நாலு தோள். தூங்குகிற நர்சுக்கு மூன்று மூக்கு நுனி. முதல் கோடு அகலமாகப் போயிருக்கும், இரண்டாவது தாழ்ந்திருக்கும், மூன்றாவதோ நாலாவதோதான் சரியான இடத்தில் அழுத்தமாக விழுந்திருக்கும். மற்றவை அப்படியே கிடக்கும். "பஸ் ஆடுதுக்கா, கை நிக்க மாட்டேங்குது" என்று அவளே அலுத்துக்கொள்வாள். எனக்கோ பக்கத்தைத் திருப்பத் திருப்பக் கை அரிக்கும்.

மதிப்பீடு ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. ஞாயிறு காலை எறும்புக்குக் காய்ச்சல். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்று வேலை. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள்.

"அக்கா, பக்க நம்பர் மட்டும் போட்டுடறியா? உன் கையெழுத்துதான் நேரா நிக்கும்."

மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். நான் ஸ்கேல் வைத்து, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு, முந்நூறு வரை எண் போட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சரி பார்க்க மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினேன். குடைக்காரர், நாலு தோள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், ஓடுகிற பேருந்தில் வரைந்தவளுக்குத் துடைக்க நேரம் கிடைக்கவில்லை, இப்போது காய்ச்சல் வேறு என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் கடைசியாகச் செய்கிற வேலை ஒன்று பாக்கியிருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ரப்பரை பிளேடால் ஆப்பு மாதிரிச் சீவினேன். லென்ஸ் விளிம்பு பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டேன். வேண்டாத மூன்று தோளையும் எடுத்து, தூசியைப் பிரஷ்ஷால் தள்ளினேன். குடைக்காரர் ஒற்றைத் தோளோடு பளிச்சென்று நின்றார். அவ்வளவு அழகு.

காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை. சாப்பிட மட்டும் எழுந்தேன். சரியான கோட்டின் மேல் ரப்பர் ஒரு இடத்திலும் படவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. நூற்று எண்பத்து நாலாவது பக்கத்தில் ரப்பர் பட்டாணி அளவுக்குத் தேய்ந்து கையை விட்டு வழுக்கியது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, நோட்டுப் புத்தகக் கடை மூடியிருந்தது. திறந்திருந்தால் முந்நூறும் போயிருக்கும்.

மாடியேறி வந்தபோது எறும்பு எழுந்து உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதலில் வேகமாக. பிறகு ஒவ்வொரு பக்கமாக.

"அக்கா, என்ன இது?"

"நீ படு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. காலையில ரப்பர் வாங்கி முடிச்சிடறேன்."

"மீதிக் கோடெல்லாம் எங்க?"

ரப்பர் தூளை ஒரு சாஸரில் கூட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து, "இதோ" என்று சிரித்துக்கொண்டே காட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

அவள் கத்தவில்லை. சாஸரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தான்க்கா மார்க்கு."

"எதுக்கு?"

"இந்தக் கோட்டுக்கெல்லாம். எப்படித் தேடினோம், எங்க தப்புச்சு, எப்படிப் பிடிச்சோம்னுதான் பார்ப்பாங்க. முடிஞ்ச படத்தைப் பார்க்க அவங்களுக்கு போட்டோ போதாதா?"

அப்பா வந்தார். "என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? கரண்ட் போச்சா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அடுத்து அம்மா வந்தாள். விஷயம் கேட்டதும் என் மேல் பாய்ந்தாள்.

"உன்னை யாருடி கேட்டா? நம்பர் போடச் சொன்னா நம்பரைப் போட்டுட்டு வர வேண்டியதுதானே!"

"விடும்மா" என்றாள் எறும்பு. "நல்லாத்தான் அழிச்சிருக்கா. என்னால இவ்வளவு சுத்தமா அழிக்க முடியாது."

அம்மாவின் திட்டைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன். காய்ச்சல் விட்டிருந்தாலும் நடை தள்ளாடியது. அறைக்குள் மூன்று பேர்: வகுப்பு மேடம், வெளியிலிருந்து வந்த ஒரு டிசைனர், வழுக்கையான ஒரு பேராசிரியர். பேராசிரியரின் கண்ணாடி இடது பக்கம் தாழ்ந்திருந்தது. நான் வராந்தாவில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது.

"இதெல்லாம் பஸ்ல வரைஞ்சதா?" என்றார் டிசைனர்.

"ஆமா சார்."

"ஓடற பஸ்ல? ஒரு கோடு கூடத் தடுமாறலையே. நூத்தி எண்பது பக்கம் இப்படி, அதுக்கப்புறம் திடீர்னு வேற ஆள் வரைஞ்ச மாதிரி. போட்டோ மேல தாளை வச்சு எடுத்ததாம்மா?"

"இல்ல சார். தப்புக் கோட்டை எல்லாம் அழிச்சிட்டேன்."

"யாரு அழிச்சது?"

"நான்தான்."

"ஒரு வருஷமா வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேனே, அழிக்காதீங்கன்னு!" என்றார் மேடம். "நீயா அழிச்ச?"

"நான்தான் மேடம்."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்க என்னால் முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"இல்லைங்க. நான் அழிச்சேன். அவ தூங்கிட்டு இருந்தா."

"நீங்க யாரு?"

"அக்கா."

"டிசைன் படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்டறேன்."

டிசைனர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. நான் புத்தகத்தை எடுத்து ஜன்னலுக்குப் போனேன். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, வெளிச்சத்துக்கு அதைப் படுக்கைவாட்டில் சாய்ப்போம். அதே மாதிரிப் பக்கத்தைச் சாய்த்தேன். பென்சில் போனாலும் அது அழுத்திய பள்ளம் தாளில் இருக்கும். "இங்க வந்து பாருங்க" என்றேன். பேராசிரியர்தான் எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கு தாளில் படுகிற மாதிரிக் குனிந்தார்.

"அட ஆமா. நாலு தோள் இருந்திருக்கு."

காப்பியடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் மேடம் சொன்னதில் தப்பே கிடையாது. "பள்ளத்துக்கு நாங்க மார்க் போட முடியாதும்மா. தாள்ல இருக்கற கோட்டுக்குத்தான் போட முடியும்."

நான் தொடாமல் விட்ட நூற்றுப் பதினாறு பக்கத்துக்குக் கிடைத்ததுதான் அவள் மதிப்பெண். பட்டியலில் முப்பத்து நாலாவது இடம். மரச்சாமான் பிரிவு தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றால் முதலாம் ஆண்டை மறுபடி படிக்கலாம் என்றார்கள். எறும்பு அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள், மறுபடி படிக்கிறேன் என்று.

அம்மா கொஞ்சம் அழுதாள். அப்பா, "நான் ஒரே ரூட்ல பத்தொன்பது வருஷமா போய்ட்டு வரேன். அவ ரெண்டாவது தடவை போனா என்ன குறைஞ்சிடும்?" என்றார்.

என்னோடு எறும்பு ஒன்பது நாள் பேசவில்லை. இரண்டு அறை வீட்டில் அது சுலபமில்லை. "அம்மா, அந்த ஸ்கேலை எடுத்துத் தரச் சொல்லு" என்பாள். ஸ்கேல் என் கையில் இருக்கும்.

"ரெண்டடி தூரத்துல இருக்கா. நான் என்ன நடுவுல போஸ்ட்மேனா?" என்று அம்மா முறைப்பாள்.

பத்தாம் நாள் மாலை நான் வேலை முடிந்து வந்ததும், என் முன்னால் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தாள். எதிரே டீக் கெட்டில்.

"வரை."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னுதான் சொல்றேன். வரை. ரப்பர் கிடையாது."

ஒரு மணி நேரம் வரைந்தேன். மூக்கு மட்டும் பதினாலு தடவை. ஒன்று வானத்தைப் பார்த்தது, ஒன்று தரையைப் பார்த்தது. பன்னிரண்டாவது தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"இது கெட்டிலா, யானையா?"

"பொறு, இப்பப் பிடிச்சிட்டேன்."

"அக்கா, அந்தக் கோட்டையெல்லாம் அழிக்கணும்போல இருக்கா?"

"உயிர் போகுது."

"அப்படியே இரு" என்றாள். ஒன்பது நாளைக்குப் பிறகு என் தோளில் கை போட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது.

அந்த இரண்டாவது முதலாம் ஆண்டைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் அவளை அத்தை என்று கூப்பிட்டார்கள். எந்தச் சாயம் காய்ந்தால் வெளுக்கும், எந்த மேடத்துக்கு ஓரம் எத்தனை மில்லிமீட்டர் விட்டால் பிடிக்கும் என்று அத்தையைத்தான் கேட்பார்கள். பயிற்சிகள் எல்லாம் அதே பயிற்சிகள். இந்த முறை ஏழும் எட்டும் வேறு வேறாக இருந்தன. நாலும் ஐந்தும் ஒட்டிக்கொண்டன. ஒரு பொருளை எடுத்து, தேவையில்லாததைக் குறைத்துக் குறைத்து, ஆறே கோட்டில் அடையாளம் தெரிகிற மாதிரிச் செய்கிற பயிற்சிக்கு அம்மாவின் சலவைக் கூடத்து வண்டியை எடுத்தாள். சுவரெல்லாம் வண்டி. கடைசி வண்டியைப் பார்த்து அம்மா, "சக்கரம் ஒண்ணு காணோம்" என்றாள். "அது உனக்கே தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு வரையணும்?" என்றாள் எறும்பு. அம்மா, "தள்றவளுக்குத்தான் தெரியும் சக்கரம் எதுக்குன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வண்டிக்குச் சக்கரம் வந்திருந்தது.

மழைக்காலத்தில் பேருந்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், உள்ளே இருட்டு. அப்போது எங்கள் கடைக்கு வருவாள். பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்து, திரை இடுக்கு வழியாக, எழுத்து அட்டையைப் படிப்பவர்களை வரைவாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கழுத்தை நீட்டுகிறவர், தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிடுகிறவர், அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பிக்கிறவர். இரண்டாம் நாள் முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னையும் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் சார்."

"தொப்பை எதுக்கு அஞ்சு?"

"நீங்க நிக்கவே இல்லையே சார்."

"அப்போ நிக்கறேன், ஒண்ணாக் குறை" என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து மணி அடிக்கும் வரை நின்றார்.

கல் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவில் அவள் பென்சில் தாளில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். கேட்டிருக்க முடியாது என்று அவள் சொல்கிறாள். எனக்குக் கேட்டது. மாலையில் இருவரும் சேர்ந்து நடந்து வருவோம். ஒரு கையில் அவளுடைய பை, ஒரு கையில் ரொட்டி. வழியெல்லாம் பலகைகளைத் திட்டுவோம். எனக்கும் திட்ட வந்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு வருடம் எங்களுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. நியாயப்படி அவள் அப்போதே வேறு ஊரில் இருந்திருக்க வேண்டும். என் தப்பால் அவள் இழந்த வருடம், எனக்கு மட்டும் கிடைத்த வருடமாக ஆகிவிட்டது. அதில் சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தேன்.

ஆண்டு முடிவில் புதுப் புத்தகத்துக்கு அவளே பக்க எண் போட்டாள். நாற்பதுக்குப் பிறகு எண்கள் கீழே சரிந்துகொண்டே போயின. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நான் வேணா…"

"தொட்டா கையை உடைப்பேன்."

மதிப்பீட்டு அறைக்கு வெளியே இந்த முறையும் நின்றேன். கதவு மூடியிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். "மேடம் கேட்டாங்க, அக்கா வந்திருக்காங்களா, ரப்பரை வாசல்லயே வாங்கி வச்சிட்டாங்களான்னு" என்றாள். மார்க் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டியல் ஒட்டுகிற நாளன்று மத்தியானம் வரை கடையில் என் கையில் வேலை ஓடவில்லை. முதலாளியே, "போய்ட்டு வா. இப்படியே வெட்டினா நாளைக்கு ஊர் முழுக்கத் தலைவலி" என்று அனுப்பிவிட்டார். கல்லூரி வாசல் பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். எறும்பு கூட்டத்தில் நுழையாமல் ஓரமாகப் பையோடு நின்றாள்.

"நீ போய்ப் பாரு. உனக்குத்தான் மீட்டர் கண்ணு" என்றாள்.

நான் கீழேயிருந்து பார்த்தேன். இருபத்தைந்தில் ஆரம்பித்து மேலே. இருபதில் இல்லை. பதினைந்தில் இல்லை. பத்திலும் இல்லை. நாலாவது பெயர் அவளுடையது. இரண்டு முறை படித்தேன். விரலை வைத்து மூன்றாவது முறை படித்தேன். பின்னால் நின்ற பையன், "அக்கா, விரலை எடுங்க, எங்களுக்கும் தெரியணும்" என்றான்.

ஓரத்துக்கு வந்து நாலு விரலைக் காட்டினேன். அவள் என் விரல்களையே பார்த்தாள். துள்ளிக் குதிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, பசிக்குது."

எதிரே ஒரு சின்ன உணவகம். அவளுக்கு ரொட்டியும் முட்டையும், எனக்கு டீ. மூன்று நாள் சாப்பிடாதவள் மாதிரிச் சாப்பிட்டாள். இன்னொரு முட்டை சொன்னாள். வாயில் ரொட்டியோடு பேச ஆரம்பித்தாள். வகுப்பு எத்தனை மணிக்கு, விடுதி அறையில் எத்தனை பேர், ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தால் வரைய நல்லது. ரயிலில் ஆறு மணி நேரம்; மாதம் ஒரு தடவை வந்துவிடலாம், ஆனால் முதல் இரண்டு மாதம் விட மாட்டார்களாம். மேசையில் விரித்திருந்த காகிதத்தில், கொண்டு போக வேண்டியவற்றை எழுதாமல் ஒவ்வொன்றாக வரைந்தாள். வாளி, பூட்டு, தலையணை, மேசை விளக்கு. பூட்டு முதலில் கோணியது. மேலேயே இன்னொரு பூட்டு போட்டாள்.

நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

"எப்ப கிளம்பணும்?"

"பதினாலாம் தேதி."

இன்னும் பன்னிரண்டு நாள். டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டே இருந்தேன். எறும்பு வரைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அழறியா?"

"இல்ல. காரம்."

"டீயில ஏதுக்கா காரம்?"